பின்வாசல் பலாமரமும் சோலைமந்திக் கூட்டமும்

வால்பாறைக்கு மாற்றலாகி வந்து வீடு தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். தண்ணீர் வருமா, மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை நாள் போகும், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம். நாலாவதாக இதையும் கேளுங்கள் என்று நான் சொல்வேன்: வீட்டுக்குப் பின்னால் பலாமரம் இருக்கிறதா, அதன் கிளை கூரையைத் தொடுகிறதா? தொடுகிறது என்றால் வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். அந்த வீட்டுக்கு வாடகை தராத இன்னொரு குடும்பமும் வந்து போகும்.

நாங்கள் இருப்பது புதுத்தோட்டத்துக் காட்டின் ஓரத்தில். காடு என்றால் பெரிய காடு இல்லை, 92 ஹெக்டேர் துண்டு. கீழே காபி, மேலே பழைய மழைக்காட்டு மரங்கள், நடுவில் பொள்ளாச்சி ரோடு, சுற்றிலும் தேயிலை. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார்தான் எனக்கு இந்தச் சோலைமந்திக் குரங்குகளைப் பழக்கினார். கொழுந்து பறித்து ரிடையர் ஆனவர். மரத்தைப் பார்த்தே மாதம் சொல்லிவிடுவார். "பலா மணக்குது, இன்னிக்கு நாளைக்குள்ள வந்துரும், ஜன்னலைச் சாத்திக்கோம்மா" என்பார். சொன்னபடி வந்துவிடும். இங்கே நான் எழுதுவதில் பாதி அத்தை சொன்னது. மீதி ஜன்னல் வழியாகப் பார்த்ததும், வாட்சர் அண்ணன்மாரிடமும் ஆராய்ச்சிக்கு வந்து தங்கும் பிள்ளைகளிடமும் கேட்டதும்.

சோலைமந்தியைச் சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். உடம்பெல்லாம் பளபளக்கும் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். மக்காக் வகைக் குரங்குகளில் சிறிய இனங்களில் இதுவும் ஒன்று. தலையும் உடம்பும் சேர்த்து அளந்தால் 40 முதல் 60 செ.மீ. வரைதான். பெரிய ஆண் 7, 8 கிலோ இருக்கும், பெண் 4, 5 கிலோ. தகரக் கூரையில் அது குதிக்கிற சத்தத்தைக் கேட்டு மிரண்டு போனவர்கள், நேரில் பார்த்ததும் "இத்தனூண்டுதானா" என்று கேட்பதுண்டு.

சுற்றுலா வருகிறவர்களில் பாதிப் பேர் கருமந்தியைப் பார்த்துவிட்டுச் சோலைமந்தியைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். கருமந்திக்கு வால் நீளம், குஞ்சம் இல்லை, தலைமுடி பழுப்பு மஞ்சள். இலையை முக்கியமாகத் தின்று உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். சோலைமந்தி ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. இந்தக் குழப்பத்தால் ஒரு காலத்தில் உயிரே போயிருக்கிறது. கருங்குரங்கு லேகியம் என்று சொல்லிக் கருமந்தியை வேட்டையாடிய நாட்களில், கறுப்பாக எது மரத்தில் தெரிந்தாலும் சுட்டார்கள். இதுவும் சேர்ந்து விழுந்தது.

உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இந்த இனம் இருக்கிறது. வடக்கே கர்நாடகத்தின் சிர்சி, ஹொன்னாவர் பக்கத்திலிருந்து தெற்கே களக்காடு மலை வரை, அங்கங்கே. எல்லாம் சேர்த்து 4000-க்கும் குறைவு என்கிறார்கள். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று 1970-களிலும் 80-களிலும் பெரிய போராட்டம் நடந்ததே, அதற்கு முகமாக இருந்தது இந்தக் குரங்குதான். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அது தேசியப் பூங்கா ஆனது. நம் பக்கம் களக்காட்டுச் சரணாலயம் 1976-ல் வந்ததற்கும் இதுவே காரணம். ஒரு அணையையே நிறுத்திய குரங்கை இங்கே ஒரு சிப்ஸ் பாக்கெட்டுக்காகப் பட்டாசு போட்டு விரட்டுகிறோம்.

சரி, வீட்டுக்கு ஏன் வருகிறது?

நல்ல காட்டில் சோலைமந்தி தரைக்கு இறங்குவதே அபூர்வம். பிறப்பது, தின்பது, தூங்குவது, சண்டை போடுவது எல்லாம் மரத்தின் மேல். ஒரு கூட்டம் ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கிளை வழியாகவே போய்விடும். தண்ணீருக்குக்கூட இறங்க வேண்டியதில்லை, மரப்பொந்தில் தேங்கியது போதும். அக்காமலைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். மனிதச் சத்தம் கேட்டால் கூட்டமே மறைந்துவிடும். புதுத்தோட்டத்தில் அதே இனம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து பேன் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு குரங்கு இல்லை, அவை இருக்கிற மரங்கள்தான் வேறு.

1890-களில் ஆரம்பித்து இந்த மலையில் காட்டை வெட்டித் தேயிலையும் காபியும் போட்டார்கள். வால்பாறை மேட்டில் இன்றைக்குத் தோட்டங்களுக்கு நடுவில் மிஞ்சியிருப்பது சின்னச் சின்னத் துண்டுகள். காபிக்கும் ஏலத்துக்கும் நிழல் வேண்டும் என்பதால் சில இடங்களில் பழைய மரங்களை விட்டுவைத்தார்கள். அந்த மரங்களில் இருந்த கூட்டங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன. தேயிலை இடுப்பளவுச் செடி, அதில் மரமேறிக் குரங்கு எங்கே ஏறும்? தாண்ட வேண்டுமானால் இறங்கி நடக்க வேண்டும். நடந்தால் நாய், வண்டி, கரண்ட் கம்பி. புதுத்தோட்டத்தில் ஒற்றைக் கூட்டமாக இருந்தது பெருகிப் பிரிந்து இப்போது பல கூட்டங்கள், 150-க்கும் மேல் இருக்கும். பெருகியதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. வெளியே போக வழியில்லாமல் ஒரே இடத்தில் சேருவது வேறு, பெருகுவது வேறு என்பது என் அபிப்பிராயம்.

அத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது மரக்கணக்கு. நல்ல காட்டில் இவற்றுக்கு முக்கியமான மரம் வெடிபலா. டுரியானுக்குச் சொந்தக்கார மரம், முள் முள்ளாகக் காய். கோடையில் அதன் பூவைத் தின்னும், மழையில் காயைப் பிளந்து விதையைத் தின்னும். இப்படி ஒரு மரமே பல மாதங்களை ஓட்டிவிடும். எங்கள் துண்டில் அந்தப் பழைய மரங்கள் குறைவு. அதனால் இவற்றின் வருஷம் வேறு மாதிரி போகிறது. சித்திரை, வைகாசி தொடங்கி ஆடி வரை பலா. எங்கே ஆல், அத்தி பழுத்தாலும் அங்கே ஓடும், பழுக்கிற நாட்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் அதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நிழலுக்கு வைத்த மீசாப்சிஸ் மரத்தின் பழத்தையும் தின்னும். கார்த்திகை, மார்கழியில் காபி சிவந்தால் அதையும் விடுவதில்லை. அப்புறம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றிக் கொய்யா.

இதில் கவனிக்க வேண்டியது இடைவெளிகளை. பலா முடிந்து, மழை பிடித்துக்கொண்டு, காட்டில் பழம் ஒன்றும் சரியாக இல்லாத நாட்களில்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குவது அதிகம். பலா பழுக்கும்போதும் வரும், ஆனால் அப்போது மரத்துக்கு வருகிறது, போகிற போக்கில் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிறது. மழை நாட்களில் நேராகச் சமையல்கட்டுக்கே வருகிறது. எங்கள் வீட்டில் ஆடி பிறந்ததும் முட்டை டப்பா அலமாரிக்குள் போய்விடும். முட்டை என்றால் அதற்கு உயிர். வாயில் ஒன்று, கையில் ஒன்று என்று உடையாமல் கொண்டுபோகும்.

பழத்துக்கு அடுத்து அதன் நேரமெல்லாம் பூச்சிக்குத்தான் போகிறது. பட்டையை உரிக்கும், சுருண்ட இலையைப் பிரிக்கும், காய்ந்த கிளையை உடைத்துப் பார்க்கும். மரத்தவளை, ஓணான், பறவைக் கூட்டில் முட்டை, எது கிடைத்தாலும் சரி. மலை அணில் குட்டியைக்கூட விடாது. எங்கள் பின்வாசல் கிளையில் ஒரு பெண்குரங்கு கம்பளிப்பூச்சி தின்றதைக் கைநீட்டும் தூரத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பூச்சியை எடுத்ததும் வாயில் போடவில்லை. பக்கத்தில் ஒரு இலையைப் பறித்தது. பூச்சியைக் கிளையில் வைத்து, இலையை அதன்மேல் போட்டு உள்ளங்கையால் உருட்டியது. இலையைத் தூர எறிந்துவிட்டு இன்னொன்று பறித்து மறுபடி உருட்டியது. வெற்றிலையைத் தொடையில் துடைத்துத் துடைத்துப் பார்க்கும் கிழவியின் நிதானம். சுனையெல்லாம் போனபின் வாயில் போட்டுக்கொண்டது. கம்பளிப்பூச்சி பட்டுக் கை தடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காட்டில் இவை இப்படி இலையைப் பயன்படுத்துவதை ஆராய்ச்சிக்காரர்கள் 1980-களிலேயே பதிவு செய்திருக்கிறார்களாம். குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து தாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற குட்டிதான் நாளைக்குத் தாழ்ப்பாளையும் திறக்கிறது. வீடு புகுவது இவற்றின் ரத்தத்தில் ஊறியது என்று பலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஒரு தாய்க்கு ஒரு வீட்டின் குப்பைக்குழி சோறு போட்டால், அதன் குட்டிக்கு அந்தக் குழியும் ஒரு மரம். பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் தீனி என்று கற்றுக்கொண்டது காட்டில் இல்லை, ரோட்டில் கார் ஜன்னலுக்குப் பக்கத்தில்.

குடும்ப விஷயமும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. ஒரு கூட்டத்தில் பத்து முதல் இருபது வரை இருக்கும், எங்கள் பக்கம் இன்னும் கூடுதல். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருப்பவை. ஆண்குட்டி வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேட வேண்டும். பெரும்பாலும் கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆண். காலையில் அது 'கூவ், கூவ்' என்று தொண்டையைத் திறந்தால் தூரத்துக் கூட்டம் வரைக்கும் கேட்கும். "நாங்கள் இங்கே இருக்கிறோம், நீங்கள் அங்கேயே இருங்கள்" என்பதற்கான குரல். மற்றபடி நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக முனகிக்கொண்டே போகும். இலை மறைவில் ஒன்றையொன்று தொலைத்துவிடாமல் இருக்க அந்த முனகல்.

பெண் முதல் குட்டி போடவே ஆறு வயசு தாண்டும். கர்ப்பம் ஏறக்குறைய ஆறு மாதம், ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு இரண்டரை, மூன்று வருஷம் ஆகிவிடும். புதுக்குட்டிக்குப் பிடரி இருக்காது, முகம் வெளிறி, கறுப்பு மயிர் ஒட்டிக்கிடக்கும். சில மாதம் கழித்துத்தான் முகத்தைச் சுற்றி நரை தெரிய ஆரம்பிக்கும். நாட்டுக்குரங்கோடு ஒப்பிட்டு "குரங்குதானே, பெருகிடும்" என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வேன். ரோட்டில் ஒரு தாய் அடிபட்டால் அந்த இடத்தை நிரப்பப் பிறக்கிற பெண்குட்டி தாயாக இன்னும் ஆறு வருஷம் வேண்டும்.

இனி வீட்டு விஷயம். எல்லா வீட்டுக்கும் எல்லாம் பொருந்தாது, எங்கள் வரிசையில் வேலை செய்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை குப்பை. கம்பி வலை, கதவு என்று எவ்வளவு செலவு செய்தாலும் பின்வாசலில் சோறும் காய்த்தோலும் கிடந்தால் எல்லாம் வீண். எங்கள் வரிசையில் மிச்சச் சோற்றை மூடி போட்ட குழியில் கொட்டுகிறோம். மூடி மேல் கல் வைக்க வேண்டும், சும்மா மூடினால் தள்ளிவிடும். கனமான கல்லாக இருக்கட்டும். இதில் ஒரு வீடு மட்டும் ஒழுங்காக இருந்து பிரயோஜனமில்லை, வரிசை முழுக்கச் சேர வேண்டும். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா "பாவம், அதுவும் வாயில்லா ஜீவன்தானே" என்று சனிக்கிழமை தோறும் வாழைப்பழம் வைப்பார். அவரிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டுக் கூரை ஓடு நாலு உடைந்த மாதம் தானாக நிறுத்திவிட்டார்.

ஜன்னலுக்குக் கோழி வலை போடாதீர்கள், இரண்டே நாளில் ஓரத்தைப் பிரித்துவிடும். வெல்டு மெஷ்ஷைச் சட்டத்தில் வைத்துத் திருகாணி போட்டு இறுக்குங்கள், ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கம்பிக்கு உள்பக்கம் கை எட்டும் தூரத்தில் எதையும் வைக்கக் கூடாது. அதன் கை மெலிசு, முழங்கை வரை உள்ளே வரும். அழுத்தினால் திறக்கிற கைப்பிடி வைத்த கதவு அதற்குப் பொம்மை, நாதாங்கி போட்டுக் கொக்கி மாட்டினால் நிற்கும். ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் ஓட்டுக்குக் கீழே ஒரு வலை அடித்தால்தான் நிம்மதி, ஓட்டை விலக்கி இறங்கத் தெரியும். கூரையைத் தொடும் கிளையை மட்டும் கழித்துவிடலாம், மரத்தை வெட்ட வேண்டாம். பலாவை வெட்டிய ஒரு வரிசையில் வருகை குறையவில்லை. மரத்தில் பலா இருந்தபோது அங்கே பாதி நாளைக் கழித்த கூட்டம், அது இல்லாதபோது நேராகக் கூரைக்கு வந்தது.

அப்படியும் ஒன்று உள்ளே வந்துவிட்டால் வாசலை மறித்து நிற்கக் கூடாது. கடி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து எல்லோருமே அதன் வழியில் நின்றவர்கள். குழந்தைகளையும் நாயையும் வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பின்கதவைத் திறந்துவைத்து, சுவரோரம் ஒதுங்கினால் எடுத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். கண்ணை நேருக்கு நேர் முறைக்க வேண்டாம், முறைத்தால் அதற்குச் சண்டைக்கு அழைப்பு. பெரிய ஆண் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது தூக்கத்தால் வருகிற கொட்டாவி இல்லை, கோரைப்பல்லைக் காட்டுகிறது, பின்வாங்குங்கள். கையிலிருந்து பிடுங்கினால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். செல்போனாக இருந்தாலும் சரி. தின்ன முடியாது என்று தெரிந்ததும் அதுவே போட்டுவிடும், எந்த உயரத்திலிருந்து போடும் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை.

கடித்தாலோ நகம் கீறினாலோ, சின்னக் கீறல் என்று மஞ்சள் பொடி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கடிக்குப் போடும் அதே வெறிநோய் ஊசிதான். தவணை தவறாமல் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

பட்டாசு, உண்டிவில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டதும் கூட்டம் ஓடும் என்பது உண்மை. எங்கே ஓடும்? கிளை தொடர்ச்சியாக இருக்கும் பக்கம் பெரியவை ஓடும். பயந்துபோன குட்டிகளும் இளசுகளும் எது கைக்கு எட்டுகிறதோ அதைப் பிடிக்கும். கைக்கு எட்டுவது பல இடத்தில் கரண்ட் கம்பி. அப்படி ஒன்று கருகி விழுந்ததை எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள், அதற்கு அப்புறம் யாரும் தீபாவளி மிச்சத்தை எடுத்து வைப்பதில்லை. விரட்டத்தான் வேண்டும் என்றால் அத்தையின் வழி போதும். தகரத்தைத் தட்டுவார், கூட்டம் வந்த வழியைப் பார்த்துவைத்து அந்த வழி பக்கமாகவே மெல்ல நடப்பார். வந்த வழியே திரும்பிப் போய்விடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ள பிராணி என்பதும் நினைவிருக்கட்டும். அடிப்பதும் பிடிப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும்.

"பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்" என்று மனு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எந்தக் காட்டுக்குள்? நல்ல காடு என்றால் அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும், இவற்றைச் சேர்த்துக்கொள்ளாது. கூட்டத்தில் பாதியைப் பிடித்தால் மீதி சிதறும். கொண்டுபோய் விட்ட இடத்திலும் முதலில் தேடப்போவது சமையல்கட்டைத்தான், அதைத்தானே நாம் கற்றுக்கொடுத்தோம். இதைவிட மெதுவாக நடக்கிற, ஆனால் உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களிலிருந்து இங்குள்ள இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தோட்டங்களோடு சேர்ந்து துண்டுக் காடுகளில் களையெடுத்து, நாட்டு மழைக்காட்டு மரங்களை நட்டு வருகிறது. தோட்ட நிழலுக்கு வெறும் சில்வர் ஓக்காகப் போடாமல் நாட்டு மரமும் கலந்து வைத்தால் தேயிலைக்கு மேலேயும் ஒரு வழி உண்டாகும். வீட்டு முன்னால் ஒன்றிரண்டு மரம் வைக்க இடமிருப்பவர்களுக்கு என் யோசனை: வீட்டை ஒட்டிக் கொய்யா வேண்டாம், காட்டோரமாக அத்தி வையுங்கள். அத்தி பழுத்தால் இருவாச்சியும் வரும், மலை அணிலும் வரும், சோலைமந்தி அங்கேயே நாளைக் கழிக்கும்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பில் ரோட்டில் குரங்கைக் கண்டதும் பிஸ்கட்டைப் பிரிக்காதீர்கள். ஒருநாள் சந்தோஷம் உங்களுக்கு, வருஷம் முழுக்கத் தொல்லை எங்களுக்கு, வண்டிச் சக்கரம் அதற்கு. காலை வெயில் ஏறுவதற்குள் வந்து, வண்டியை ஓரமாக அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். இலை ஆடும் சத்தம், முனகல், பழத்தோல் விழும் சத்தம், இந்த வரிசையில் கேட்கும். கன்னப்பையில் பழத்தை அடைத்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போய் நிதானமாகச் சப்பி, கொட்டையைத் துப்பும். அப்படித் துப்பின கொட்டை முளைத்த மரங்கள் இந்தக் காட்டில் நிறைய. பைனாகுலர் இருந்தால் போதும். செல்போனில் குரலைப் போட்டுக் காட்டி வரவழைக்கும் வித்தையெல்லாம் வேண்டாம், பெரிய ஆண் அதை நிஜக் கூட்டம் என்று நினைத்து அலைபாயும்.

ரோட்டுக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்குத் தொங்குகிற பட்டையான பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். தீயணைப்பு வண்டிக் குழாயில் செய்தவை, குரங்குகளுக்காகக் கட்டியவை. கட்டின உடனே அதில் யாரும் ஏறவில்லை. இளசுகள்தான் முதலில் தொட்டுப் பார்த்தன, அப்புறம் தாய்மார், பெரிய ஆண் கடைசியாக. இப்போது சரளமாகப் போகின்றன. இருந்தாலும் ரோட்டோரத்தில் தீனி கிடந்தால் பாலத்தை விட்டுக் கீழே இறங்கிவிடும். வாட்சர் அண்ணன்மார் கையில் கொடியோடு வண்டியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். ஒன்று கடந்ததும் முடிந்தது என்று கிளம்பாதீர்கள், கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், தயங்கித் தயங்கி வரும் இளசுகள் பின்னால் இருக்கும். ஆரன் அடித்தால் அவை நடுரோட்டில் திரும்பி ஓடும். பொள்ளாச்சி பஸ் டிரைவர்களுக்கு இது பழக்கம், எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பெரும்பாலான அடிபடல் அப்படி நின்ற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து பொறுமையில்லாமல் முந்துகிற காரில்தான். புதுத்தோட்டத்தில் பஸ் காரணமில்லாமல் நின்றால் காரணம் மரத்தில் இருக்கிறது. முந்தாதீர்கள்.